செல்லாத பாஸ்போர்ட் கொடுத்து உயிர் காத்தவர்

ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்களில் ஒரு காட்சி வரும். வில்லன் வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை பார்ப்பவன். கொலை, கடத்தல் எல்லாம் பண்ணிவிட்டு, போலீஸ் பிடிக்க வரும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்து நீட்டுவான். அவ்வளவுதான், போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிற நமக்குத்தான் ரத்தம் கொதிக்கும். இப்படி ஒரு சலுகையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்னு தோணும்.

அந்தச் சலுகையின் பேர் டிப்ளமேட்டிக் இம்யூனிட்டி. தமிழில் தூதர் விலக்குரிமை என்று சொல்லலாம். அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேரைச் சாவிலிருந்து இழுத்து வந்த ஒரு மனிதரின் கதை இது. அதே உரிமை தனக்குத் தேவைப்பட்ட நாளில் அவருக்கு அது கிடைக்கவில்லை. 32 வயதில் சிறைக்குள் போனவர், திரும்பி வரவே இல்லை.

பேர் ரவுல் வாலன்பெர்க். ஸ்வீடன்காரர். படித்தது சட்டமோ அரசியலோ இல்லை, ஆர்க்கிடெக்சர். ஆக, பாதி நம்ம ஆளு!

படிச்சது ஒண்ணு, பார்த்த வேலை ஒண்ணு

1912 ஆகஸ்ட் 4-ம் தேதி, ஸ்டாக்ஹோம் பக்கத்தில் இருக்கும் லிடிங்கோ தீவில் பிறந்தார். வாலன்பெர்க் என்றால் ஸ்வீடனில் சாதாரண பேர் இல்லை. பேங்க், தொழிற்சாலை என்று நாட்டின் பணப்பெட்டியையே பக்கத்தில் வைத்திருந்த குடும்பம். ஆனால் கடற்படை அதிகாரியான அப்பா, பையன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே புற்றுநோயில் இறந்துபோனார். பையனை ஆளாக்கும் பொறுப்பை அப்பா வழித் தாத்தா குஸ்தாவ் எடுத்துக்கொண்டார். அவர் ஜப்பானிலும் பிறகு துருக்கியிலும் ஸ்வீடனின் தூதராக இருந்தவர்.

பேரன் குடும்ப பேங்கிலேயே உட்கார்ந்துவிடாமல் உலகம் சுற்றிப் பாடம் கற்க வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. 1931-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆன் ஆர்பர் நகரம். பெரிய வீட்டுப் பிள்ளைதான், ஆனா லீவு விட்டா போதும், ரோட்டில் நின்று லிஃப்ட் கேட்டே ஊர் ஊராகச் சுற்றுவார். 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, லிஃப்ட் கொடுத்தவர்களே துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பிடுங்கினார்கள். பதறாமல் பேசிச் சமாளித்து உயிரோடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறமும் லிஃப்ட் கேட்பதை விடவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் பதறாமல் பேசும் இந்தக் குணத்தை ஞாபகத்தில் வையுங்கள்.

1935-ல் டிகிரி முடித்து ஊர் திரும்பினால், அந்த அமெரிக்க டிகிரியை வைத்து ஸ்வீடனில் ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்ய முடியாது என்று ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கட்டடப் பொருள் விற்றார். பாலஸ்தீனத்தின் ஹைஃபாவில் ஒரு டச்சு பேங்கில் வேலை கற்றார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்களை அங்கேதான் நேரில் பார்த்தார். கடைசியில் ஸ்டாக்ஹோமில், கால்மன் லாவர் என்ற ஹங்கேரிய யூதர் நடத்திய ஏற்றுமதி-இறக்குமதி கம்பெனியில் சேர்ந்தார். போர் நடந்துகொண்டிருந்த காலம். யூதரான லாவர் ஹங்கேரிப் பக்கம் தலைகாட்டுவது ஆபத்து. அதனால் வாலன்பெர்க் போய் வந்தார். நாஜி அதிகாரிகள் எப்படி யோசிப்பார்கள், எதற்கு மசிவார்கள், எதற்கு முறைப்பார்கள் என்பதெல்லாம் இந்த வியாபாரத்தில் பழகிப்போனது. எந்த சிலபஸிலும் இல்லாத இந்தப் பாடம்தான் பின்னால் கை கொடுத்தது.

எட்டு வாரத்தில் நாலு லட்சம் பேர்

ஹங்கேரி ஜெர்மனியின் கூட்டாளி நாடு. ஆனாலும் கட்சி மாறிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் 1944 மார்ச் 19-ம் தேதி ஹிட்லரின் படை உள்ளே புகுந்தது. கூடவே வந்தவர் அடால்ஃப் ஐக்மன். யூதர்களைக் கணக்கெடுத்து, ரயிலேற்றி, கொலைக்கூடத்துக்கு அனுப்பும் வேலையை ஒரு போக்குவரத்துப் பிராஜெக்ட் மாதிரி செய்தவர். மே 15-லிருந்து ஜூலை 9 வரை, எட்டே வாரத்தில், சுமார் 4,37,000 யூதர்கள் ஹங்கேரியிலிருந்து அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் போனது ஆஷ்விட்ஸுக்கு. கிராமம், சின்ன ஊர் எல்லாம் காலியானது. தலைநகர் புடாபெஸ்ட்டில் இன்னும் சுமார் இரண்டு லட்சம் பேர் மிச்சமிருந்தார்கள். வெளிநாட்டுக் கண்டனங்கள் குவிந்ததும் ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்தி ஜூலை முதல் வாரத்தில் ரயில்களை நிறுத்தச் சொன்னார். அந்த நிறுத்தம் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது.

1944 ஜனவரியில்தான் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போர் அகதிகள் வாரியம் என்ற ஒன்றை அமைத்திருந்தார். பணம் இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் ஹங்கேரியோடு போரில் இருந்ததால் புடாபெஸ்ட்டில் அமெரிக்கத் தூதரகம் கிடையாது. நடுநிலை நாடான ஸ்வீடனுக்கு இருந்தது. ஆக, பணம் அமெரிக்காவுடையது, தூதரகம் ஸ்வீடனுடையது என்று ஏற்பாடு. போக ஒரு ஆள் வேண்டும். லாவர் தன் பார்ட்னர் பேரைச் சொன்னார்.

வாலன்பெர்க் சும்மா தலையாட்டவில்லை. தேவைப்பட்டால் லஞ்சம் கொடுப்பேன், யாரை வேண்டுமானாலும் நேரில் சந்திப்பேன், ஒவ்வொன்றுக்கும் மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன் என்று கண்டிஷன் போட்டார். ஸ்வீடன் வெளியுறவுத் துறை ஒப்புக்கொண்டது. 1944 ஜூலை 9-ம் தேதி, தூதரகச் செயலாளர் என்ற பதவியோடு புடாபெஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கினார். ஒரு மாதம் முன்பு வரை அவர் வெறும் வியாபாரி!

தூதரை ஏன் தொடக் கூடாது?

இந்த இடத்தில் கொஞ்சம் தியரி. போரடிக்காது, நம்புங்க.

தூதர் என்றால் ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவரிடம் அனுப்பும் ஆள். அவர் பேசினால் அந்த நாடே பேசுவதாக அர்த்தம். அன்றைக்கு இதில் தரவரிசை உண்டு. பெரிய நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவர் அம்பாசிடர், அவர் இருப்பது எம்பஸி. சின்ன நாடுகளின் தூதருக்கு மினிஸ்டர் என்று பேர், அவர் இருப்பது லிகேஷன். புடாபெஸ்ட்டில் இருந்தது ஸ்வீடனின் லிகேஷன். தலைவர் கார்ல் இவான் டேனியல்சன் என்ற மினிஸ்டர். வாலன்பெர்க் அவருக்குக் கீழே ஒரு செயலாளர். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது தலைவருக்கு உள்ள கவசம் கீழே உள்ள அதிகாரிக்கும் உண்டு.

என்ன கவசம்? போன நாட்டில் அவரைக் கைது செய்யக் கூடாது. கோர்ட்டில் நிறுத்தித் தண்டிக்கக் கூடாது. அவர் அலுவலகத்துக்குள் அனுமதியில்லாமல் போலீஸ் நுழையக் கூடாது. அவர் அனுப்பும் கடிதப் பையைப் பிரிக்கக் கூடாது. அவர் தப்பே செய்தாலும், உள்ளூர் அரசு செய்யக்கூடியது ஒன்றுதான்: நீங்கள் எங்களுக்கு வேண்டாம், ஊருக்குப் போங்கள் என்று அனுப்பி வைப்பது. தண்டிப்பதா வேண்டாமா என்பதை அவரை அனுப்பிய நாடு பார்த்துக்கொள்ளும்.

இது பழைய விதி. அனுமனைக் கொல்லச் சொன்ன ராவணனிடம், தூதனைக் கொல்வது முறையில்லை என்று விபீஷணன் தடுத்தது நமக்குத் தெரிந்த கதைதானே. காரணமும் எளிது. இன்றைக்கு உன் ஊரில் என் ஆள் இருக்கிறார், என் ஊரில் உன் ஆள் இருக்கிறார். நீ என் ஆளைத் தொட்டால் நான் உன் ஆளைத் தொடுவேன். அப்புறம் யாரும் யாரோடும் பேச முடியாது. போரை நிறுத்தக்கூட ஒருத்தர் போய்ப் பேசித்தானே ஆகணும்?

ஆக, இந்தக் கவசத்தின் பலம் காகிதத்தில் எழுதிய எழுத்தில் இல்லை. தூதருக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது, தொட்டால் அது கேட்கும் என்ற பயத்தில் இருக்கிறது. வாலன்பெர்க்கின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு வரிக்கு உதாரணம். முதல் பாதி ஒரு மாதிரி, இரண்டாம் பாதி வேறு மாதிரி.

மஞ்சள், நீலம், மூணு கிரீடம்

அவர் வருவதற்கு முன்பே ஸ்வீடன் லிகேஷன் சில நூறு யூதர்களுக்குத் தற்காலிக பாஸ்போர்ட் கொடுத்திருந்தது. வாலன்பெர்க் உட்கார்ந்து புதுசாக ஒன்றை வடிவமைத்தார். ஷுட்ஸ்-பாஸ், அதாவது பாதுகாப்பு பாஸ். ஸ்வீடன் கொடியின் மஞ்சளும் நீலமும். நடுவில் ஸ்வீடன் அரசின் மூன்று கிரீடச் சின்னம். போட்டோ, முத்திரை, கையெழுத்து. இதை வைத்திருப்பவர் ஸ்வீடனுக்குப் போகக் காத்திருக்கிறார், அதுவரை லிகேஷனின் பாதுகாப்பில் இருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும்.

சர்வதேசச் சட்டப்படி இந்தக் காகிதம் செல்லுமா? செல்லாது. தூதரகத்தின் கவசம் தூதரக அதிகாரிகளுக்குத்தான். உள்ளூர்க் குடிமகன் ஒருவரை, இவர் இனிமேல் எங்கள் ஆள் என்று ஒரு அட்டையைக் கொடுத்துக் காப்பாற்றச் சட்டத்தில் இடமில்லை. வாலன்பெர்க்குக்கு அது நன்றாகவே தெரியும். அதிகாரத்துக்கு அடங்கிப் பழகியவர்கள் முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்தால் தயங்குவார்கள் என்பதும் தெரியும். அந்தத் தயக்கம்தான் அவருக்கு வேண்டியது. டிராயிங் போர்டில் பழகிய கை அன்றைக்கு உயிர் காக்கும் காகிதம் வரைந்தது.

ஹங்கேரி அரசு முதலில் 1,500 பாஸுக்கு அனுமதி தந்தது. பேசிப் பேசி அதை 4,500 ஆக்கினார். உண்மையில் கொடுத்தது அதைவிட அதிகம். அடுத்து முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை வாடகைக்குப் பிடித்தார். வாசலில் ஸ்வீடன் கொடி. ஸ்வீடன் நூலகம், ஸ்வீடன் ஆராய்ச்சி நிலையம் என்று சிலவற்றில் போர்டு. உள்ளே படிப்பதற்கு ஆளில்லை, உயிர் பிழைக்க வந்த குடும்பங்கள்தான் நெருக்கியடித்துக் கிடந்தன. சமையல், மருத்துவம், பாஸ் அச்சிடுவது என்று வேலை செய்ய சில நூறு யூதர்களையே சேர்த்துக்கொண்டார். தூதரக ஊழியர் என்று காட்டியதால் அவர்களும் மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்ற முடிந்தது.

இதில் அவர் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லியாகணும். சுவிட்சர்லாந்தின் துணைத் தூதர் கார்ல் லுட்ஸ் அவருக்கு முன்பே இந்த வேலையில் இறங்கியவர். லுட்ஸுக்கு 8,000 பாதுகாப்புக் கடிதங்களுக்கு அனுமதி கிடைத்தது. அவர் அதை 8,000 பேர் என்று எடுக்காமல் 8,000 குடும்பம் என்று எடுத்துக்கொண்டார். கடித எண் 8,000-ஐத் தொட்டதும் மறுபடி 1-லிருந்து ஆரம்பித்தார்! இன்னொருவர் ஜார்ஜோ பெர்லாஸ்கா. இத்தாலிக்காரர், வியாபாரி. ஸ்பெயின் தூதரக அதிகாரி ஊரைவிட்டுப் போனதும், அவருக்குப் பதில் நான்தான் என்று தானே சொல்லிக்கொண்டு பொறுப்பை எடுத்துக்கொண்டார். எந்த நாடும் நியமிக்காத தூதர். அவர் கொடுத்த காகிதங்களும் வேலை செய்தன. எதிரில் இருப்பவன் நம்புகிற வரைக்கும் கவசம் கவசம்தான்.

துப்பாக்கிக்கு முன்னால் ஒரு லிஸ்ட்

அக்டோபர் 15-ம் தேதி நிலைமை தலைகீழானது. ஜெர்மானியர்கள் ஹோர்தியை இறக்கிவிட்டு, அம்புச் சிலுவைக் கட்சியின் தலைவர் சாலாஷியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஐக்மன் திரும்பி வந்தார். புது அரசு முதல் வேலையாக இந்தப் பாஸ் எதுவும் செல்லாது என்று அறிவித்தது.

இங்கே தூதர் தொழிலின் இன்னொரு ஆயுதம் வருகிறது: அங்கீகாரம். துப்பாக்கி முனையில் ஆட்சிக்கு வந்தவர்களுக்கு, உலகம் தங்களை ஒரு அரசாக மதிக்கணும் என்ற ஏக்கம் ரொம்ப இருக்கும். நடுநிலை நாடு ஒன்று தன் தூதரகத்தைத் திறந்து வைத்திருப்பதே அவர்களுக்குக் கௌரவம். வாலன்பெர்க் அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பாஸை மதித்தால்தான் ஸ்வீடனோடு உறவு என்ற பேச்சு, வெளியுறவு அமைச்சர் கெமேனியின் மனைவி வழியாகவும் அமைச்சரின் காதுக்குப் போனது. சில நாளிலேயே பாஸ்கள் மறுபடி செல்லுபடியாயின. அங்கீகாரத்தை ஸ்வீடன் கடைசி வரை கொடுக்கவே இல்லை!

நவம்பரில் ரயில் கிடைக்காததால், யூதர்களை ஆஸ்திரிய எல்லை வரை நடத்தியே கூட்டிப்போனார்கள். குளிர், பசி, விழுந்தால் சுட்டுத் தள்ளுவது. வாலன்பெர்க் காரில் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் பின்னாலேயே போனார். எல்லையில், ரயில் நிலையத்தில், கையில் ஒரு லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, ஸ்வீடன் பாஸ் இருப்பவர்கள் வெளியே வாருங்கள் என்று அழைப்பார். பாஸ் இல்லாதவர்கள் பழைய ரசீதையோ வேறு ஏதோ காகிதத்தையோ நீட்டுவார்கள். ஹங்கேரிய மொழி தெரியாத ஜெர்மன் அதிகாரி முன்னால் அதுவும் பாஸாகிவிடும். அந்தச் சமயத்தில் அவரைச் சுட்டிருந்தால் கேட்க யாரும் இல்லை. கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு ஆள் இவ்வளவு தைரியமாகக் கத்துகிறார் என்றால் பின்னால் பெரிய பலம் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒரு நியாயமான கேள்வி இங்கே எழும். போன நாட்டின் சட்டத்தை மதித்து நடப்பது தூதரின் கடமை இல்லையா? ஆமாம், கடமைதான். அவர் லஞ்சம் கொடுத்தார், அனுமதித்த எண்ணிக்கையை மீறினார், உள்நாட்டு விவகாரத்தில் தலையிட்டார். எல்லாமே விதிமீறல். ஆனால் நாம் பார்த்தோமே, அதற்கான அதிகபட்ச நடவடிக்கை ஊருக்கு அனுப்புவதுதான். சினிமா வில்லன் தப்பிக்கிற அதே ஓட்டை வழியாகத்தான் வாலன்பெர்க் மற்றவர்களைத் தப்பிக்க வைத்தார்.

டிசம்பர் 24-ம் தேதி அந்த எல்லையும் உடைந்தது. அம்புச் சிலுவை ஆட்கள் ஸ்வீடன் லிகேஷனுக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். சோவியத் படை நகரைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்த நேரம். நாளைக்கு யார் கேட்பார்கள் என்ற பயமே போய்விட்டால் விதி எங்கே நிற்கும்? வாலன்பெர்க் இடம் மாற்றி மாற்றித் தங்கியபடி வேலையைத் தொடர்ந்தார். ஜனவரியில் நகரின் பெரிய கெட்டோவில் சுமார் 70,000 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள்மேல் நடக்கவிருந்த கடைசித் தாக்குதலை நிறுத்தியதில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. மொத்தம் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பதிலும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆயிரக்கணக்கில் என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது.

விடுதலை கொடுக்க வந்தவர்கள்

1945 ஜனவரி 17. சோவியத் படைத்தலைமையைப் பார்த்து, பிழைத்தவர்களுக்கு உணவும் பாதுகாப்பும் கேட்பதற்காக வாலன்பெர்க் டெப்ரெட்சன் நகரத்துக்குக் கிளம்பினார். கார் ஓட்டியவர் வில்மோஷ் லாங்ஃபெல்டர். இவரும் 1912-ல் பிறந்தவர், படிப்பால் என்ஜினியர். சோவியத் சிப்பாய்கள் கூடவே வந்தார்கள். காவலா, காவல் மாதிரி சிறையா என்று புரியாத பயணம். அதே தேதியில் மாஸ்கோவில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் புல்கானின் கைது உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் இருவரும் மாஸ்கோவின் லுபியங்கா சிறையில் இருந்தார்கள்.

ஏன் பிடித்தார்கள்? ஒற்றன் என்ற சந்தேகம்தான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அமெரிக்கப் பணத்தில் வேலை செய்தவர். ஸ்டாக்ஹோமில் அவரைத் தேர்ந்தெடுத்த வாரியப் பிரதிநிதி ஐவர் ஓல்சன் அமெரிக்க உளவுத் துறையிலும் இருந்தார். சந்தேகத்துக்கு இது போதும். சரி, சந்தேகம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தூதரக அதிகாரியை ஊருக்கு அனுப்பத்தான் விதியில் இடம். லிகேஷனின் மற்ற அதிகாரிகளை அப்படித்தான் மாஸ்கோ வழியாக 1945 ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் மனசை அறுக்கும். போர்க்காலத்தில் ஹங்கேரியில் சோவியத் யூனியனுக்குத் தூதரகம் கிடையாது. அதன் நலன்களைப் பார்த்துக்கொண்டது அதே ஸ்வீடன் லிகேஷன்தான். அடுத்தது, இந்த விலக்குரிமை பிரிட்டனில் எழுத்துச் சட்டமான கதை. 1708-ல் லண்டன் தெருவில் ஒரு தூதரைக் கடன்காரர்கள் வண்டியிலிருந்து இழுத்துப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அவர் நாட்டு மன்னர் கொதித்தெழ, மற்ற தூதர்களும் சேர்ந்துகொள்ள, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தூதர்களைக் கைது செய்யக் கூடாது என்று சட்டமே போட்டது. ராணி ஆன் மன்னிப்புச் சொல்ல ஆள் அனுப்பினார். அந்தத் தூதர் ஆண்ட்ரே மத்வேயெவ். ரஷ்யத் தூதர். மன்னர், மகா பீட்டர்.

கேட்க வேண்டியவர் கேட்காதபோது

மத்வேயெவுக்காக ஒரு மன்னர் கொதித்தார். வாலன்பெர்க்குக்காக யார் கொதித்தார்கள்?

1945 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் இருந்த சோவியத் தூதர் அலெக்சாண்ட்ரா கொல்லந்தாய், பையன் ரஷ்யாவில் பத்திரமாக இருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னார். மார்ச்சில் ஹங்கேரி வானொலி, அவர் வழியிலேயே கொல்லப்பட்டுவிட்டார் என்றது. மாஸ்கோவில் இருந்த ஸ்வீடன் தூதர் ஸ்டாஃபன் சோடர்ப்ளோம் இரண்டாவதை நம்பினார். அமெரிக்கத் தூதர் உதவி செய்ய முன்வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். 1946 ஜூன் 15-ம் தேதி அவருக்கு ஸ்டாலினையே நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எந்தத் தூதருக்கும் லேசில் கிடைக்காத வாய்ப்பு. வாலன்பெர்க் பேரைச் சொன்னார். கூடவே, அவர் ஹங்கேரியிலேயே இறந்திருப்பார் என்பது தன் சொந்தக் கருத்து என்றும் சொன்னார். ஸ்டாலின் பேரைக் குறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் வாலன்பெர்க் அதே மாஸ்கோவில் ஒரு சிறை அறையில் உயிரோடு இருந்தார்.

தூதரின் வேலை என்ன என்று கேட்டால் இரண்டு விஷயம் எப்போதும் சொல்வார்கள். ஒன்று, தன் நாட்டையும் தன் மக்களையும் காப்பது. இன்னொன்று, போன நாட்டோடு நல்லுறவு வளர்ப்பது. சோடர்ப்ளோம் இரண்டாவதுக்காக முதலாவதை விட்டுக்கொடுத்தார். சுவிட்சர்லாந்து செய்ததைப் பாருங்கள். அதே புடாபெஸ்ட்டில் சோவியத் படை இரண்டு சுவிஸ் தூதரக அதிகாரிகளையும் பிடித்துப் போயிருந்தது. சுவிஸ் அரசு தன் கைவசம் இருந்த சோவியத் குடிமக்களை வைத்துப் பேரம் பேசியது. 1946 தொடக்கத்தில் இருவரும் வீடு திரும்பினார்கள். நீ என் ஆளை விடு, நான் உன் ஆளை விடுகிறேன். அந்தப் பழைய விதி, பயன்படுத்தியவர்களுக்கு வேலை செய்தது.

1947 ஆகஸ்டில் சோவியத் அரசு, வாலன்பெர்க் எங்கள் நாட்டிலேயே இல்லை, யாரென்றே தெரியாது என்று எழுதிக் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து, 1957 பிப்ரவரியில் பேச்சு மாறியது. 1947 ஜூலை 17-ம் தேதி லுபியங்கா சிறையில் மாரடைப்பால் இறந்தார் என்று சிறை மருத்துவர் எழுதிய ஒரு குறிப்பைக் காட்டினார்கள். உடலும் இல்லை, சரியான சான்றிதழும் இல்லை. குடும்பம் நம்பவில்லை. அம்மா 1979-ல் சாகும் வரை தேடிக்கொண்டே இருந்தார்.

விலக்குரிமைக்கு எதிராக விலக்குரிமை

1961-ல் வியன்னாவில் உலக நாடுகள் கூடி, தூதர்களின் உரிமைகளையெல்லாம் ஒரே ஒப்பந்தமாக எழுதின. அதன் 29-வது பிரிவு, தூதரக அதிகாரியை எந்த வகையிலும் கைது செய்யவோ அடைத்து வைக்கவோ கூடாது என்கிறது. அதற்கு முன்பும் அது வழக்கச் சட்டமாக இருந்ததுதான்.

1984-ல் வாலன்பெர்க்கின் தாய்வழித் தம்பி, இயற்பியல் விஞ்ஞானி கீ வான் டார்டெல், வாஷிங்டன் கோர்ட்டில் சோவியத் யூனியன் மேலேயே வழக்குப் போட்டார். சோவியத் தரப்பு வரவே இல்லை. 1985-ல் நீதிபதி, தூதர் விலக்குரிமையை மீறியது தப்பு என்று சொல்லி 3.9 கோடி டாலர் இழப்பீடு விதித்தார். 1990-ல் அதே கோர்ட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. காரணம்? ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் கோர்ட்டில் நிறுத்த முடியாது என்ற அரசுக்கான விலக்குரிமை. தூதருக்கு மறுக்கப்பட்ட கவசத்துக்குள் அவரைப் பிடித்த அரசு பத்திரமாக நின்றுகொண்டது.

மரியாதைகள் வந்தன. 1963-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் கௌரவித்தது. 1981-ல் அமெரிக்கா கௌரவக் குடியுரிமை கொடுத்தது. அவருக்கு முன் அதைப் பெற்றவர் சர்ச்சில் ஒருவர்தான். அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த டாம் லாண்டோஸ், வாலன்பெர்க்கின் வீடுகளில் ஒளிந்து பிழைத்த பையன்களில் ஒருவர். 2000 டிசம்பரில் ரஷ்யா, வாலன்பெர்க்கும் லாங்ஃபெல்டரும் குற்றமற்றவர்கள் என்று ஒப்புக்கொண்டது. 2001-ல் ஸ்வீடன் பிரதமர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்வீடன் அரசே அமைத்த குழு 2003-ல், நம் தூதரகத் துறை தோற்றுவிட்டது என்று வெளிப்படையாக எழுதியது. 2016-ல்தான் ஸ்வீடன் அவரை அதிகாரபூர்வமாக இறந்தவராக அறிவித்தது. எந்தத் தேதியில் இறந்தார் என்று யாருக்கும் தெரியாததால், சட்டக் கணக்குக்காக 1952 ஜூலை 31 என்று பதிந்தார்கள்.

1989 அக்டோபரில் தம்பியையும் தங்கையையும் மாஸ்கோவுக்கு அழைத்து, சோவியத் அதிகாரிகள் சில பொருட்களைக் கொடுத்தார்கள். கொஞ்சம் பழைய கரன்சி நோட்டு, குறிப்பேடு, கூடவே ரவுல் வாலன்பெர்க்கின் தூதரக பாஸ்போர்ட். அவர் புடாபெஸ்ட்டில் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த காகிதங்கள் சட்டப்படி செல்லாதவை, ஆனாலும் அவர் பக்கத்தில் நின்றதால் செல்லின. அவர் சட்டைப்பையில் இருந்த இந்த ஒன்று முழுக்க முழுக்கச் செல்லுபடியானது. அதற்குப் பக்கத்தில்தான் நிற்க ஆள் இல்லாமல் போய்விட்டது.